ராஃபேல் வெட்டிய எடைக்கல்

1958 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ராஃபேல் கிள்ளான் பட்டணத்துக்கு பஸ் ஏறிப்போய் ஒரு ஜோடி கறுப்புத் தோல் சப்பாத்து வாங்கிவந்தார். கிறிஸ்துமஸுக்காக இல்லை, கோலாலம்பூருக்காக. புது வருடம் பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பப்போவதாக டாக்டர் செல்லையா சொல்லியிருந்தார். படர்தாமரைக்கு உள்ளுக்குச் சாப்பிடும் மாத்திரை ஒன்று புதிதாக வந்திருந்தது. எந்தப் பூஞ்சை அந்த மருந்துக்கு அடங்கும், எவ்வளவு மருந்துக்கு அடங்கும் என்று கண்ணாடிக் குழாய்களில் வளர்த்துப் பார்க்கும் முறையை யாராவது கற்றுவர வேண்டும். லேப்பில் இருந்தது ராஃபேலும், ஆறு மாதத்துக்கு முன் உதவிக்கு வந்த முரியல் என்ற பெண்ணும்தான். பன்னிரண்டு வருட சர்வீஸ்காரரை விட்டுவிட்டு வேறு யாரை அனுப்புவார்கள்?

முரியலை அனுப்பினார்கள்.

"உமக்கு மனவருத்தமோ?" என்று டாக்டர் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் நீ என்று கூப்பிடமாட்டார். "படிக்கிற புத்தகமெல்லாம் இங்கிலீஷ், ராஃபேல். அவள் திரும்பி வந்து உமக்கும் சொல்லித் தருவாள்தானே."

"அதனால என்ன டாக்டர்," என்று சிரித்துவிட்டு வந்த ராஃபேல், வீட்டுக்குப் போய்ச் சப்பாத்துப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினார்.

அவர் மனைவி ஜெனவீவ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதுக்கு ஏன் சப்பாத்த ஒதைக்கிறீங்க? பூசைக்குப் போட்டுட்டுப் போங்க லா."

"நேத்துப் பொறந்த பிள்ளை எனக்குச் சொல்லித் தருமாம்."

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஐந்து ரப்பர் தோட்டங்களுக்குப் பொதுவான ஆஸ்பத்திரி அது. ராஃபேலின் அப்பா அந்த ஐந்தில் ஒன்றில் பாலுக்கு மரம் சீவியவர். ராஃபேல் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தார். கொஞ்சம் இங்கிலீஷ் பங்குச் சாமியாரிடம் கற்றது. ஆஸ்பத்திரியில் தரை கழுவ வந்து, பாட்டில் கழுவ வந்து, கடைசியில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவர். காய்ச்சல்காரர்களின் ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, மலேரியாக் கிருமியைப் பார்த்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1951-ல், அவசரகாலச் சண்டையில், காட்டுக்காரர்கள் என்று பேசப்பட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் தோட்டத்து லோரியை மறித்து டிரைவர் இருசப்பனைச் சுட்டுப் போட்டபோது, அதே லோரியின் பின்னால் ராஃபேல் இருந்தார். கால்வாயில் விழுந்து கிடந்து, விடிந்ததும் ஆறு மைல் நடந்து, நாற்பத்து மூன்று ரத்தக் கண்ணாடிகளும் உடையாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அப்போதிருந்த வெள்ளைக்கார டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்த டாக்டர் சீமைக்குப் போய்விட்டார். புது டாக்டருக்கு அதெல்லாம் தெரியாது. தானாகச் சொல்ல ராஃபேலுக்கு வாய் வரவில்லை.

முரியல் உலு யாம் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள். கான்வென்டில் படித்தவள், வயது இருபத்து மூன்று. மரம் சீவுகிறவன் மகன் கிராணி வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற காலத்தை ராஃபேல் மறக்கவில்லை. அந்தப் பெண்ணோ அவரை வாய் நிறைய "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். அதுவும் அவருக்கு ஆகவில்லை.

ஏப்ரலில் அவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் மஞ்சள் பஞ்சு சுற்றிய குழாய்கள், ஒரு பாட்டில் மருந்துக் கரைசல், ஒரு சின்னப் போத்தலில் வெள்ளைத் தூள். வந்த மறுநாளே மண்ணெண்ணெய் அடுப்பில் சீனியும் சத்துத்தூளும் அகார் என்ற கடற்பாசியும் போட்டு, பூஞ்சை வளர்க்கும் கூழ் காய்ச்ச ஆரம்பித்தாள்.

"மூணு மாசம் கே.எல்.-ல இருந்து அகார் அகார் காய்ச்சப் படிச்சிட்டு வந்திருக்கு," என்று ராஃபேல் அன்றைக்கு ஜெனவீவிடம் சொன்னார். "நீ கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சுவியே, அதேதான். கலர் மட்டும் போடல."

ஆனால் மறுநாள் அவள் செய்வதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒரு நோயாளிக்கு ஏழு குழாய். முதல் குழாயின் கூழில் மருந்தே கிடையாது. இரண்டாவதில் துளியளவு. மூன்றாவதில் அதைப்போல் இரண்டு மடங்கு, நான்காவதில் அதைப்போல் இரண்டு மடங்கு. இப்படி ஏழுவரை. கூழ் சரிவாக உறைந்ததும், நோயாளியின் தோலிலிருந்து வளர்த்தெடுத்த பூஞ்சையில் குண்டூசித் தலையளவு கிள்ளி ஏழிலும் வைக்க வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். மருந்து இல்லாத முதல் குழாயில் பூஞ்சை வெள்ளைப் பஞ்சுபோல் பொங்கி வளரும். அங்கே வளராவிட்டால் பரீட்சையே செல்லாது. மற்றதில் எந்தக் குழாயில் வளர்ச்சி நின்றுபோகிறதோ, அதில் உள்ள அளவுதான் அந்தப் பூஞ்சைக்குப் போதுமான மருந்து.

"நாலாவது குழாய் அளவு மருந்துதான் மாத்திரை சாப்பிட்டா ஒடம்புல ஏறும்னு வெச்சுக்கலாம் அண்ணே," என்று முரியல் விளக்கினாள். "அதுக்குள்ள நின்னுட்டா மாத்திரை கேக்கும். அதைத் தாண்டியும் வளந்தா மாத்திரை தண்டம்."

"ம்," என்றார் ராஃபேல். புரிந்தது. புரிந்ததே எரிச்சலாக இருந்தது. இதற்கா இங்கிலீஷ் புத்தகம்?

முதலில் ஆத்தங்கரைத் தோட்டத்து ஆட்களின் பூஞ்சையைச் சோதித்தார்கள். பதினோரு பேர். எல்லாருக்கும் மூன்றாவது குழாய்வரை வளர்ந்து நான்காவதில் பளிச்சென்று நின்றுவிட்டது. மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில், வருடக்கணக்காய் முதுகைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிய ஆட்கள் சட்டையைக் கழற்றிக் காட்டிச் சிரித்தார்கள். டாக்டர் லேப் வாசலில் நின்று, "முரியல், நீர் இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கொடை," என்றார். அந்த ஆட்களின் தோலைச் சுரண்டி எடுத்துவர ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியவர் ராஃபேல். அவர் அந்தப் பக்கம் திரும்பி, கழுவி வைத்த பாட்டிலையே மறுபடி கழுவினார்.

அடுத்து மேட்டுத் தோட்டம். அங்கே ஒன்பது பேர். அதில் சின்னத்தாய் என்ற பால்வெட்டுக்காரிக்குத்தான் நிலைமை மோசம். கழுத்திலும் இரண்டு கையிலும் இடுப்பிலும் படர்தாமரைப் படை. ஏழு வருடமாக இருக்கிறது. மாமியார் அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய் போட்டுவிட்டாள். ராஃபேல் மழுங்கல் கத்தியால் சுரண்டியபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா ஆழமாவே சொரண்டுங்கய்யா, பரவால்ல. மாத்திரை கெடைச்சாப் போதும்," என்றாள்.

கோலாலம்பூரிலிருந்து வந்த கரைசல் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தது தூள். அதை நிறுத்து, அசிட்டோனில் கரைத்து, புதுக் கூழ் தயாரிக்க வேண்டும். முரியல் தராசை எடுத்து வைத்தாள், எடைக்கல் பெட்டியைத் திறந்தாள். இடுக்கியால், தகட்டுத் துண்டாக இருந்த ஐம்பது மில்லிகிராம் கல்லை எடுத்தாள்.

ராஃபேல் தேய்த்துக்கொண்டிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

அந்தக் கல் கம்பெனிக் கல் அல்ல. 1951-ல், லோரிச் சம்பவத்துக்குப் பிறகு, லேப்பை முள்கம்பி வேலிக்குள் இருந்த கட்டடத்துக்கு அவசர அவசரமாக மாற்றினார்கள். அந்தக் குழப்பத்தில் நிஜமான ஐம்பது கல் எங்கேயோ விழுந்து தொலைந்தது. புதிது கேட்டால் ஏன் தொலைத்தாய் என்று விசாரணை வரும். ராஃபேல் ஒரு சிகரெட் டின் தகட்டை அதே வடிவத்தில் வெட்டி, மூலையை மடித்து, பெட்டியில் வைத்துவிட்டார். எடை பார்க்கவில்லை. சாயத்தூள் நிறுக்கத்தானே, கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் என்ன என்று எட்டு வருடம் ஓட்டிவிட்டார். பார்வைக்கே தெரியும், தகடு மெல்லியது. ஐம்பது இருக்காது. பாதிகூட இருக்காது.

முரியல் இடுக்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அண்ணே, இந்தக் கல் ஒரு மாதிரியா இருக்கே. சரியான கல்தானே?"

ஒரே ஒரு வார்த்தைதான். "வேணாம்" என்றிருந்தால் போதும். இருபது, இருபது, பத்து என்று மூன்று நல்ல கற்கள் அதே பெட்டியில் கிடந்தன. ராஃபேலின் கண் அவள் கையைப் பார்க்கவில்லை. டாக்டர் அவளுக்குப் புதிதாக வாங்கிக் கொடுத்திருந்த, மேசை ஓரத்தில் இருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்தது.

"எட்டு வருசமா அதுலதான் நிறுக்குறோம்," என்றார்.

அது பொய்யில்லை. அதை அவர் தனக்குத்தானே பல தடவை பிறகு சொல்லிக்கொண்டார்.

அவள் நிறுத்தாள். கரைத்தாள், கூழ் காய்ச்சினாள். "கே.எல்.-ல, புதுக் கூழ் செஞ்சா பழைய பூஞ்சை ஒண்ணையும் கூட வெப்பாங்க அண்ணே. அது போன தடவ நின்ன எடத்துலயே நிக்குதான்னு பாக்க. நமக்கு இப்ப குழாய் பத்தாதே," என்று தனக்குள் பேசிக்கொள்வதுபோலச் சொன்னாள். ராஃபேல் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. கழுவாத குழாய் இரண்டு டஜன் அலமாரிக்குப் பின்னால் இருந்தது அவருக்குத் தெரியும்.

பதினான்காம் நாள், மேட்டுத் தோட்டத்து ஒன்பது பேருடைய பூஞ்சையும் ஐந்தாவது குழாயிலும் வெள்ளைவெளேர் என்று வளர்ந்து நின்றது. டாக்டர் குழாய்களை ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "இது வேற மாதிரிப் பூஞ்சை போல. மாத்திரைக்கு அடங்காது. இருக்கிற கொஞ்ச மாத்திரையை அடங்குகிற இடத்துக்கே குடுப்பம்." முரியல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

ராஃபேல் நன்றாகச் சாப்பிட்டார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல் இருந்தது. அவளும் தடுமாறுவாள், புத்தகம் படித்தவளும் தலை குனிவாள் என்று டாக்டர் பார்த்துவிட்டார் அல்லவா? இரண்டு நாள் பொறுத்து, தற்செயலாகக் கண்டுபிடித்ததுபோல் கல்லைப் பற்றிச் சொல்லலாம். அப்போது யார் கெட்டிக்காரர் என்று தெரியும். இரண்டு நாள் நான்கானது. சொன்னால் கல்லை யார் வெட்டியது என்ற கேள்வியும் கூடவே வருமே என்பது அப்போதுதான் உறைத்தது. நான்கு நாள் எட்டானது. இதற்கிடையில் மேட்டுத் தோட்டத்துக்குப் போய், உங்கள் படைக்கு மாத்திரை கேட்காது, பழைய களிம்பையே தடவுங்கள் என்று ஒன்பது பேரிடமும் சொல்லிவரும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. சொன்னார். சின்னத்தாய் பால் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெனவீவ் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏதோ சந்தோசமா இருந்தீங்க, இப்ப ஏன் ராவெல்லாம் பொரள்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அந்தப் பொண்ணு என்ன செஞ்சுச்சு?"

"ஒண்ணும் செய்யல," என்றார் ராஃபேல். உண்மையும் அதுதான். அதை நினைக்க அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

டாக்டர் அப்படிச் சொன்னதிலிருந்து பன்னிரண்டாம் நாள் காலையில், மேட்டுத் தோட்டத்து லோரி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. ஈரச் சாக்கு சுற்றிய இரண்டு கைகளோடு சின்னத்தாயை இறக்கினார்கள். சாக்கை விலக்கியபோது ராஃபேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டோரில் ரப்பர் பாலை உறையவைக்க ஊற்றும் ஆசிட்டை அவள் கைகளிலும் கழுத்திலும் தடவியிருந்தாள். தோல் வெந்து, வெளுத்து, தொங்கியது.

"ஏம்மா இப்படிச் செஞ்ச?" என்றார்.

அவள் அழவில்லை. "நீங்கதானே வந்து சொன்னீங்க, எனக்கு மாத்திரை கேக்காதுன்னு. இந்த ஆசிட்டுக்குப் பாலே கல்லாட்டம் உறையுது. இந்தப் படை சாகாதான்னு பாத்தேன்."

ராஃபேல் லேப்புக்குத் திரும்பி வந்தார். எடைக்கல் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரின் அறைக்குப் போனார். முரியல் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்தாள். அவளைப் போகச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பெட்டியை மேசையில் வைத்தார்.

"டாக்டர், இந்த அம்பது கல் கம்பெனிக் கல் இல்ல. நான் சிகரெட் டின்னுல வெட்டினது. மேட்டுத் தோட்டத்துக் கூழுக்கு மருந்த இதுலதான் நிறுத்தாங்க. மருந்து பத்தல. பூஞ்சை மேல தப்பில்ல."

டாக்டர் எழுந்து தராசைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு தட்டில் இருபது, இருபது, பத்து. மறு தட்டில் ராஃபேலின் தகடு. தட்டு அசையக்கூட இல்லை. பத்து மட்டும் வைத்தார். இப்போது தகடு இருந்த பக்கம் கொஞ்சம் இறங்கியது. ஐம்பதுக்குப் பதிலாகப் பன்னிரண்டோ என்னவோ. கால்வாசி மருந்து. அதனால்தான் மூன்றாவது குழாயோடு முடிய வேண்டிய வளர்ச்சி ஐந்துவரை போயிருந்தது.

"இது பிழையான கல் எண்டு உமக்கு எப்பவிருந்து தெரியும்?" டாக்டரின் குரல் மிக மெதுவாக இருந்தது. "அவள் நிறுக்கும்போது நீர் அங்கே இருந்தீரோ?"

ராஃபேல் எடைக்கல் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"இருந்தாங்க டாக்டர், வேற வேலையா இருந்தாங்க," என்றாள் முரியல். "நான்தான் கேட்டுட்டு எடுத்திருக்கணும். கேக்காம நிறுத்துட்டேன். பழைய பூஞ்சையைக் கூட வெச்சிருந்தாலும் அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அதுவும் என் தப்பு."

ராஃபேல் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நம்பினாரா என்று ராஃபேலுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கல் விஷயத்தை மறைத்ததற்காக ராஃபேல் பெயரில் ஒரு கண்டனக் கடிதம் எழுதினார், அவ்வளவுதான். சின்னத்தாய்க்கு மாத்திரையை அன்றே ஆரம்பிக்கச் சொன்னார்.

வராந்தாவில் ராஃபேல் முரியலை மறித்தார். நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. வந்தது வேறு. "உன்னை யார் எனக்காகப் பொய் சொல்லச் சொன்னா? பெரிய மனசுக்காரின்னு காட்டவா?"

முரியலின் முகம் சிவந்தது. முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "உங்களுக்காக யாரு சொன்னா? உங்களை வேலையவிட்டுத் தூக்கிட்டா இந்த அஞ்சு தோட்டத்துல தோல் சொரண்ட யாரு போவா? எனக்கு லயத்துல ஒருத்தரையும் தெரியாது. அந்தப் பொம்பள கையப் பாத்தீங்கல்ல? இனிமே நான் தப்பா நிறுத்தா வாயத் திறங்க. அது போதும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ராஃபேல் அங்கேயே நின்றார். டாக்டர் முன்னால் திட்டியிருந்தால் பரவாயில்லை, உண்மையைப் போட்டுக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது, அவளை வெறுக்க ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். படிப்பில்தான் முந்தினாள் என்று இருந்தவருக்கு, அவள் இதிலும் முந்திவிட்டாள் என்பது தாங்கவில்லை.

மறுநாள் அலமாரிக்குப் பின்னால் இருந்த இரண்டு டஜன் குழாய்களையும் எடுத்துக் கழுவி அவள் மேசையில் வைத்தார். மூன்று நல்ல கற்களை வைத்து நிறுத்துப் புதுக் கூழ் செய்தார்கள். ஆத்தங்கரைத் தோட்டத்துப் பழைய பூஞ்சை ஒன்றும், மேட்டுத் தோட்டத்து ஒன்பதும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். தினமும் காலையில் இருவரும் தனித்தனியாக வந்து பார்த்தார்கள், ஒருவருக்கொருவர் பேசாமல். பதினான்காம் நாள் பத்தும் ஒரே இடத்தில், நான்காவது குழாயில், நின்றிருந்தன.

சின்னத்தாய் ஏழு வாரம் வார்டில் இருந்தாள். படை போய்விட்டது. ஆசிட் பட்ட தழும்பு போகவில்லை, வலது கைவிரல் இரண்டு சரியாக மடங்கவில்லை. பால்வெட்டுச் சீவுளி பிடிக்க முடியாமல் புல் வெட்டும் வேலைக்கு மாறினாள். ராஃபேல் அவளிடம் ஒருநாள் கல் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் மடங்காத விரல்களைத் தடவினாள். "மாத்திரை மொதல்லயே கேட்டிருக்கும்னு சொல்றீங்க," என்றாள். "ஆமா," என்றார். அதற்குப் பிறகு அவர் மேட்டுத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் லயத்துக் கதவு சாத்தியிருந்தது. அவர் தட்டியதில்லை.

அடுத்த வருடம் ஜூலைக் கடைசியில் அவசரகாலம் முடிந்தது என்று அரசாங்கம் அறிவித்தது. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த முள்கம்பியை ஆட்கள் சுருட்டி எடுத்துப் போனார்கள். அதே வாரம் முரியலுக்குக் கோலாலம்பூரிலிருந்து பெரிய வேலைக்கு உத்தரவு வந்தது. பிரிவுபசார விருந்தில் எல்லாரும் பேசினார்கள். ராஃபேலைப் பேசச் சொன்னபோது எழுந்து நின்று, "முரியல் நல்லா நிறுக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, மெல்லத் தலையை அசைத்தாள்.

அதன்பின் பதினான்கு வருடம், ஓய்வு பெறும்வரை, அந்தக் குழாய் வரிசையை ராஃபேல்தான் நடத்தினார். பழகிய பூஞ்சை ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் ஒரு கூழைக்கூட அவர் நம்பியதில்லை. உதவிக்கு வந்தவர்கள் கல்லைப் பற்றிக் கேட்டால், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்துவந்து பார்த்தார். முரியல் கிறிஸ்துமஸ் தோறும் கடிதம் எழுதுவாள். பதவி உயர்வு, லண்டன் பயணம் என்று முதல் பத்தியிலேயே ஏதாவது இருக்கும். ராஃபேல் அந்தப் பத்தியை மட்டும் படித்துவிட்டு மடித்து ஜெனவீவிடம் கொடுத்துவிடுவார். ஒருமுறை மேட்டுத் தோட்டத்துப் பூஞ்சை வேண்டும் என்று அவள் கேட்டு எழுதியபோது மட்டும், அன்றைக்கே குழாயைப் பஞ்சில் சுற்றி, மூங்கிலுக்குள் செருகி, பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பினார்.

அந்தப் பூஞ்சையைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை அச்சாகி வந்தது. ராஃபேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார்.

"மூணு எடத்துல அவ பேரு," என்றார்.

"உங்க பேரு?" என்று ஜெனவீவ் கேட்டாள்.

"இருக்கு. கடைசியில. பொடி எழுத்துல."

அதை அவள் வாங்கிப் பார்க்கக் கை நீட்டினாள். அவர் அந்தப் பொடி எழுத்தின் மேல் வைத்த விரலை எடுக்காமல், இன்னும் படித்து முடிக்கவில்லை என்றார்.